எண்ணெய் இறங்கும் பக்குவம்

செம்பனைப் பழத்தின் நடுவே இருக்கும் பருப்பைக் கையில் எடுத்தால் அதற்குள் எண்ணெய் இருப்பதாகவே தோன்றாது. சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரியது. மேலே பழுப்புத் தோல், உள்ளே கொப்பரையைப் போன்ற வெண்மை. விரலால் நசுக்கினால் விரல்தான் வலிக்கும். ஆனால் அதன் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்தான். அந்தப் பாதியை வெளியே கொண்டுவர மனிதர்கள் பட்ட பாட்டிலிருந்து பிறந்தவற்றுள் ஒன்றுதான் இன்று எண்ணெய் மில்களில் ஓடும் எக்ஸ்பெல்லர்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். ரேஷன் கடையில் பாக்கெட்டில் வாங்கும் பாமாயில் இந்தப் பருப்பிலிருந்து வருவதல்ல. அது பழத்தின் சதையிலிருந்து வருவது. சதைக்குள்ளே ஓடு, ஓட்டுக்குள்ளே பருப்பு. பருப்பின் எண்ணெய்க்கும் சதையின் எண்ணெய்க்கும் ஒரே மரத்தில் பிறந்தது தவிர வேறு உறவு குறைவு. பருப்பெண்ணெயின் உண்மையான உடன்பிறப்பு தேங்காய் எண்ணெய். இரண்டிலும் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு அருகே லாரிக் அமிலம். குளிர்ந்தால் இரண்டும் உறையும். சோப்பாக்கினால் இரண்டும் நுரைத்துத் தள்ளும். செம்பனை என்ற பெயரே மலேசியத் தமிழர் புழங்குவது. அந்தத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் குலை வெட்டியவர்களில் தமிழர்கள் ஏராளம். எனக்கும் எண்ணெய்ப் பனை என்பதைவிடச் செம்பனை என்று சொல்வதுதான் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது.

மரத்தின் சொந்த மண் மேற்கு ஆப்பிரிக்கா. இன்றைய நைஜீரியாவின் தென்கிழக்கில் வாழும் இக்போ மக்களிடம் ஒரு பங்கீடு இருந்தது. மரமேறிக் குலையை வெட்டுபவன் ஆண். சதையிலிருந்து வரும் சிவப்பு எண்ணெயின் காசு அவனைச் சேரும். சதை போக மிஞ்சும் கொட்டை பெண்ணைச் சேரும். அதை உடைத்து எடுக்கும் பருப்பு அவளுடைய சொந்தச் சொத்து. வீட்டில் அவள் யாரையும் கேட்காமல் செலவழிக்கக்கூடிய காசு அதிலிருந்துதான் வந்தது.

அந்தக் காசுக்குப் பின்னால் இருந்த வேலையை நின்று பார்க்க வேண்டும். கொட்டையை முதலில் வெயிலில் காயப்போடுவார்கள். ஈரக் கொட்டையை உடைத்தால் பருப்பு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு நொறுங்கிப்போகும். காய்ந்தால் பருப்பு சுருங்கி ஓட்டை விட்டு விலகும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே குலுங்கும். பிறகு ஒரு கல்லின் மேல் கொட்டையை நிறுத்தி மற்றொரு கல்லால் ஒரு தட்டு. அடி ஓங்கினால் பருப்பு சிதறும், குறைந்தால் ஓடு விடாது. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு தட்டு. கூடை கூடையாக, நாள் முழுக்க.

உடைத்த குவியலில் ஓடும் பருப்பும் கலந்து கிடக்கும். அதைப் பிரிக்க அவர்கள் கண்ட வழி என்னை வியக்க வைக்கிறது. களிமண்ணைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைப்பார்கள். வெறும் தண்ணீரில் ஓடும் மூழ்கும், பருப்பும் மூழ்கும். களிமண் சேரச் சேரத் தண்ணீரின் அடர்த்தி கூடுகிறது. ஒரு கட்டத்தில் பருப்பைவிடக் கனமாகவும் ஓட்டைவிட லேசாகவும் ஆகிவிடுகிறது. அப்போது ஓடு அடியில் தங்கும், பருப்பு மிதக்கும். மிதப்பதைக் கூடையில் அள்ளிக் கழுவிக் காயவைத்தால் போதும். அளவுகோல் ஏதுமில்லாமல், கரைசலின் கெட்டித்தன்மையைக் கையால் அறிந்து செய்த வேலை இது. இன்றும் பெரிய ஆலைகள் சிலவற்றில் இதே களிமண் தொட்டி, குழாயும் பம்பும் பூட்டிக்கொண்டு ஓடுகிறது.

எண்ணெய் எடுப்பது அதற்கப்புறம். பருப்பைப் பழைய எண்ணெயிலோ வெறும் சட்டியிலோ வறுப்பார்கள். வறுத்ததை இடித்து விழுதாக்குவார்கள். விழுதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சூடேற்றினால் எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். அவ்வப்போது வழித்து எடுத்துக்கொள்வார்கள்.

சமையல் குறிப்பு போல இருக்கும் இந்த நான்கு வரிகளுக்குள் ஒரு முழு அறிவியல் அடங்கியிருக்கிறது. பருப்பில் எண்ணெய் குளம் போலத் தேங்கியிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத செல்களுக்குள், புரதப் போர்வை போர்த்திய நுண்துளிகளாகச் சிதறிக் கிடக்கிறது. இடித்தால் செல்சுவர் உடையும். சூடேற்றினால் புரதம் முட்டை வெந்தது போல இறுகும். துளிகள் போர்வையை விட்டு ஒன்றோடொன்று சேரும். சூட்டில் எண்ணெயும் இளகி ஓடும். ஈரம் குறைந்தால் பருப்பு நொறுங்கும் தன்மை பெறும். கடைசியில் ஊற்றும் தண்ணீர், மாவின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணெயை விலக்கிவிட்டு அந்த இடத்தைத் தான் பிடித்துக்கொள்ளும். எள்ளைச் செக்கில் ஆட்டும்போது நம்மவர்கள் கருப்பட்டி சேர்த்துத் தண்ணீர் தெளிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு தெளிப்பது, எப்போது நிறுத்துவது என்று செக்குக்காரரைக் கேட்டால் ‘பக்குவம் பார்த்து’ என்பார். எவ்வளவு காய்ச்சல், எவ்வளவு சூடு, எவ்வளவு பொடி, எவ்வளவு ஈரம் என்ற நான்கும் சேர்ந்ததுதான் அந்தப் பக்குவம். பின்னால் இயந்திரம் வந்தபோதும் இந்த நான்கு கேள்விகளிலிருந்து அது தப்பவில்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பருப்பு கப்பலேறத் தொடங்கியது. அதுவரை ஐரோப்பா வாங்கியது சிவப்பு எண்ணெயை மட்டுமே. சோப்புக்கும் மெழுகுவத்திக்கும் இயந்திரங்களுக்குப் பூசவும். 1869இல் பிரெஞ்சு வேதியியலாளர் இப்போலித் மேஜ்-மூரியே மாட்டுக் கொழுப்பிலிருந்து மார்கரின் என்ற வெண்ணெய் மாற்றைச் செய்தார். நாளடைவில் மாட்டுக் கொழுப்பு போதவில்லை. குளிரில் உறைந்து, வாயில் வைத்தால் கரையும் தாவரக் கொழுப்பைத் தேடியபோது தேங்காயெண்ணெயும் செம்பனைப் பருப்பெண்ணெயும் கண்ணில் பட்டன. முதல் உலகப் போர் வரை நைஜீரியப் பருப்பில் பெரும்பகுதி போய்ச் சேர்ந்த இடம் ஜெர்மனி. ஹாம்பர்க்கும் அதை ஒட்டிய ஹார்பர்க்கும். ஆண்டது பிரிட்டன், ஆட்டியது ஜெர்மனி. இதற்கு ஒரு காரணம் எண்ணெயில் இல்லை, புண்ணாக்கில் இருந்தது. வட ஜெர்மனியின் பால் பண்ணைக்காரர்கள் இந்தப் புண்ணாக்கை மாட்டுக்குப் போடப் பழகியிருந்தார்கள். பிரிட்டிஷ் விவசாயிகள் அதைத் தொடத் தயங்கினார்கள். எண்ணெய் ஆட்டுபவனுக்குப் புண்ணாக்கு விலைபோகாவிட்டால் கணக்கு நிற்காது. இது எந்த ஊர்ச் செக்குக்காரருக்கும் தெரிந்த கணக்கு.

அந்தக் காலத்து ஆலைகளில் வேலை செய்தது நீர்விசை அழுத்தி. ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயர் 1795இல் காப்புரிமை பெற்ற தத்துவம் அது. சிறிய உருளையில் கொடுக்கும் விசை நீரின் வழியே பெரிய உருளையில் பன்மடங்காகும். விசைக்குக் குறைவில்லை. தொல்லை வேறிடத்தில் இருந்தது. பருப்பை அரைத்துச் சூடேற்றி, கம்பளித் துணியில் பொட்டலம் கட்டி, தட்டுக்கு ஒன்றாக அடுக்கி, அழுத்தி, எண்ணெய் வடியும்வரை காத்திருந்து, அழுத்தத்தை இறக்கி, துணியை உரித்து, புண்ணாக்கை எடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். துணி கிழியும். புண்ணாக்கின் ஓரத்தில் எண்ணெய் தங்கும். ஓர் ஆலைக்குள் எத்தனையோ பேர் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே நாளைக் கழித்தார்கள்.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லண்ட் நகரம் கதைக்குள் வருகிறது. அங்கே 1888இல் தொழிற்சாலை தொடங்கிய வலேரியஸ் ஆண்டர்சன், கட்டி அவிழ்க்கும் வேலையே இல்லாத ஓர் அழுத்தியை யோசித்தார். ஒரு பக்கம் பருப்பு விழ வேண்டும், மறுபக்கம் புண்ணாக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், நடுவில் எண்ணெய் வடிய வேண்டும். 1900இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். எக்ஸ்பெல்லர் என்பது அவருடைய நிறுவனம் அதற்கு வைத்த வணிகப் பெயர். இன்று காங்கேயத்துத் தேங்காயெண்ணெய் மில்லிலும் அது பொதுப்பெயராகிவிட்டது.

திருகு புதிதல்ல. ரோமானியர்கள் திராட்சையையும் ஒலிவத்தையும் பிழிந்ததும் திருகு மரத்தால்தான். ஆனால் அங்கே திருகு செய்தது ஒரு பலகையைக் கீழே தள்ளும் வேலை மட்டுமே. ஆண்டர்சனின் திருகோ பருப்பையே தள்ளிக்கொண்டு போகிறது. கிடையாகப் படுத்த ஓர் இரும்புக் கூண்டு. அதன் சுவர் முழுக்க மெல்லிய இடுக்குகள். உள்ளே சுழலும் தண்டில் திருகு மறை. பருப்பு நுழையும் இடத்தில் மறைக்கும் கூண்டுக்கும் நடுவே இடம் தாராளம். போகப் போக அது சுருங்கிக்கொண்டே வரும். இடம் குறையக் குறைய அழுத்தம் ஏறும். எண்ணெய் இடுக்குகள் வழியே வழியும். கடைசி வாயில் ஒரு கூம்பு அடைத்தாற்போல நிற்கும். கூம்பைச் சுற்றியுள்ள வளைய இடைவெளி வழியாகப் புண்ணாக்கு தகடு தகடாக வெளியே வரும்.

கேட்க எளிது. செய்து பார்த்தவர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. எண்ணெய்ப் பசையுள்ள மாவு திருகின் மேல் ஒட்டிக்கொண்டு தண்டோடு சேர்ந்து சுற்றும், முன்னால் நகராது. ஆண்டர்சன் கண்ட தீர்வுதான் இந்த இயந்திரத்தின் உயிர்நாடி என்பேன். மறையைத் தொடர்ச்சியாக விடாமல் இடையிடையே வெட்டிவிட்டார். வெட்டிய இடங்களுக்குள் கூண்டின் சுவரிலிருந்து பற்களை நீட்டிவிட்டார். சுற்ற வரும் மாவைப் பல் தடுத்து நிறுத்தும். சுற்ற முடியாத மாவுக்கு முன்னால் போவதைத் தவிர வழியில்லை. தடுத்ததால் நகர்ந்தது. அதோடு, ஒவ்வொரு தடுப்பிலும் மாவு கிழிந்து புரண்டு, உள்ளே சிக்கியிருந்த எண்ணெய்க்கும் புது வழி திறந்தது.

ஆக, திருகு பிறந்துவிட்டது. செம்பனைப் பருப்பை அதில் கொட்டினால் எண்ணெய் இறங்கிவிடுமா? இறங்காது. அங்கேதான் கதையின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. காப்புரிமைப் படத்தில் இல்லாத பாதி அது.

முதலில் ஈரம். ஈரமான பருப்பு கூண்டுக்குள் களி போலாகும். களியின் மேல் அழுத்தம் நிற்காது, வழுக்கிக்கொண்டு ஓடும். வாயில் வருவது தகடாக இராது. கொழகொழவென்று எண்ணெயோடு வரும். சரி, எலும்பாகக் காயவைத்தால்? அப்போது உராய்வு ஏறும், மாவு தூளாகும், எண்ணெயோடு கசடும் இடுக்கு வழியாகக் கொட்டும். சில நேரம் கூண்டுக்குள்ளேயே கல்லாக இறுகி மோட்டாரை நிறுத்திவிடும். நடுவில் ஒரு மெல்லிய இடம் இருக்கிறது. செம்பனைப் பருப்பைப் பொறுத்தவரை அழுத்திக்குள் போகும்போது ஏறத்தாழ 3 சதவீத ஈரம் இருப்பது நல்லது என்று ஆலைகள் கண்டுகொண்டன.

அந்த ஈரத்துக்குக் கொண்டுவருவது சூடு. பெரிய ஆலையில் பருப்பை உடைத்து, உருளைகளுக்கு நடுவே விட்டு, அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய அவலாகத் தட்டுவார்கள். அந்த அவல் அடுக்கடுக்கான நீராவித் தட்டுகளில் மேலிருந்து கீழே கிளறப்பட்டபடி இறங்கும். 104 முதல் 110 டிகிரி செல்சியஸ் சூடு, 15 முதல் 20 நிமிடம். இதைவிடக் குறைந்தால் புரதம் இறுகாது, எண்ணெய் துளித் துளியாகவே நிற்கும். கூடினால் எண்ணெய் கறுக்கும்; புண்ணாக்கின் புரதமும் மாட்டுக்குச் செரிக்காத அளவுக்குக் கெடும். அழுத்தியும் தன் பங்குக்கு உராய்வால் சூட்டைக் கூட்டும். அதனால்தான் தண்டுக்குள் தண்ணீரை ஓடவிட்டும், ஆறிய எண்ணெயைக் கூண்டின் மேல் ஊற்றியும் குளிர்விக்கிறார்கள். ஒரு பக்கம் வேகவைத்து மறுபக்கம் ஆறவைக்கும் இந்த வேலையில் ஒரு நுட்பமான இழுபறி இருக்கிறது.

அடுத்தது வேகம். திருகு மெதுவாகச் சுழன்றால் மாவு கூண்டுக்குள் அதிக நேரம் இருக்கும், எண்ணெய்க்கு வடிய அவகாசம் கிடைக்கும். வேகமாகச் சுழன்றால் ஒரு மணி நேரத்தில் அதிக மூட்டை ஓடும், ஆனால் எண்ணெய் புண்ணாக்கோடு போய்விடும். முதலாளிக்கு இரண்டும் வேண்டும். எண்ணெய்க்கு இந்த அவசரம் புரியாது. அது தடித்த திரவம்; நெருக்கிக் கிடக்கும் மாவின் நுண்வழிகளில் அதற்கென்று ஒரு நேரம் வேண்டும்.

கடைசியாகக் கூம்பு. அதை இறுக்கினால் வாய் ஒடுங்கும், கூண்டு முழுக்க அழுத்தம் ஏறும், புண்ணாக்குத் தகடு மெலியும். தளர்த்தினால் தகடு தடிக்கும், எண்ணெய் மிஞ்சும். இறுக்கிக்கொண்டே போகவும் முடியாது. மோட்டார் இழுக்கும் மின்சாரம் ஏறும், மறையின் ஓரங்கள் தேயும். தேய்ந்த மறைக்கும் கூண்டுக்கும் இடையே மாவு பின்னோக்கி நழுவும்; அப்போது கூம்பை எவ்வளவு இறுக்கியும் பயனில்லை. பருப்போடு ஓட்டுத்துண்டுகள் கலந்திருந்தால் இந்தத் தேய்மானம் பல மடங்கு. இக்போ பெண்களின் களிமண் தொட்டி இங்கே மறுபடி நினைவுக்கு வருகிறது. ஓட்டை ஒழுங்காகப் பிரிக்காத பருப்பு இரும்பையே தின்றுவிடும். காலையில் இயந்திரத்தைத் தொடங்கும்போது கூம்பைத் தளர்த்தியே வைத்திருப்பார்கள். கூண்டு சூடேறி, தகடு சீராக வரத் தொடங்கிய பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார்கள். பழகிய ஆள் ஒரு கண்ணை அம்மீட்டர் முள்ளில் வைத்திருப்பார், ஒரு கையில் தகட்டை ஒடித்துப் பார்ப்பார்.

இத்தனை கவலை எதற்கு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ பருப்பில் 48 கிலோ எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 52 கிலோ சக்கை. நன்றாக ஓடும் அழுத்தியில் புண்ணாக்கின் எடையில் 7 சதவீதம் எண்ணெய் தங்கும். அதாவது 4 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. சூடு தவறி, மறை தேய்ந்து, 12 சதவீதம் தங்கினால் அது 7 கிலோவைத் தாண்டும். 100 கிலோவுக்கு 3 கிலோ இழப்பு. நாளுக்கு 100 டன் ஆட்டும் ஆலையில் நாளொன்றுக்கு 3 டன் எண்ணெய் புண்ணாக்கோடு மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறது. ஈரம், சூடு, வேகம், கூம்பு என்ற நான்கு பக்குவங்களும் ஒன்றையொன்று பிடித்து இழுப்பவை என்பதுதான் இதில் பெரிய சங்கடம். ஈரம் மாறினால் கூம்பு மாற வேண்டும். வேகம் மாறினால் சூடு மாறும். மழைக்காலத்துப் பருப்புக்கு வைத்த கணக்கு வெயில் காலத்துக்கு உதவாது. ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து முடிவு சொல்ல முடியாததால்தான், நாலைந்து அளவுகளை ஒரே சமயத்தில் மாற்றிச் சோதிக்கும் ஆய்வுகளை நைஜீரியப் பல்கலைக்கழகங்களின் வேளாண் பொறியாளர்கள் இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஒரே பக்குவம் எல்லாருக்கும் நல்ல பக்குவமா என்றால் அதுவும் இல்லை. ஆலைக்கு வெளிர்நிற எண்ணெய் வேண்டும். கறுத்தால் வெளுக்கும் செலவு கூடும், விலை குறையும். ஆனால் நைஜீரியாவின் யொருபா மக்கள் வீட்டில் காய்ச்சும் பருப்பெண்ணெய் கறுப்பாகவே இருக்க வேண்டும். அதற்கு ஆடின் என்று பெயர். பருப்பைக் கருக வறுத்து எடுக்கும் அந்த எண்ணெயைத் தோலுக்கும் தலைமுடிக்கும் பூசுவார்கள், காய்ச்சல் கண்ட குழந்தையின் உடம்பில் தடவுவார்கள். அங்கே அந்தக் கறுப்பும் புகை மணமும்தான் எண்ணெயின் அடையாளம். ஆய்வக அறிக்கையில் குறை என்று எழுதப்படுவது ஒரு பாட்டியின் அடுப்படியில் குணமாக இருக்கிறது. இரண்டையும் மதிக்கத் தெரிந்தவரே இந்த எண்ணெயை அறிந்தவர் என்று நான் நினைக்கிறேன்.

இயந்திரம் பருப்பின் சொந்த மண்ணுக்குப் போன வழி நேரானதல்ல. அங்கே பெண்கள் அதை எதிர்த்ததற்கு ஒரு முன்கதை உண்டு. 1929 நவம்பரில், இக்போ நாட்டின் ஓலோகோ என்ற ஊரில், வரிக்கான கணக்கெடுப்பு என்று வந்த ஆளிடம் ந்வான்யெருவா என்ற பெண் சண்டையிட்டார். அப்போது அவர் சிவப்பு எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தார். பெண்களுக்கும் வரி வரப்போகிறது என்ற செய்தி ஊர் ஊராகப் பரவியது. எண்ணெய்க்கும் பருப்புக்கும் விலை விழுந்துகொண்டிருந்த நேரம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். காலனி அரசு சுட்டதில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தார்கள். பெண்களின் போர் என்று அங்கே அதைச் சொல்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அரசு, பயனியர் மில் என்ற சிறு ஆலைகளைக் கிழக்கு நைஜீரியாவில் நிறுவியது. அவை முழுப் பழத்தை வாங்கின. பழமாக விற்றால் காசு முழுவதும் ஆணின் கைக்குப் போகும். கொட்டை ஆலையிலேயே நின்றுவிடும். கூடுதல் எண்ணெய் தரும் இயந்திரம் ஒரு பெண்ணின் வருமானத்தை அப்படியே விழுங்கிவிட்டது. பெண்கள் மறுபடி எதிர்த்தார்கள். அவர்களை இயந்திரத்துக்குப் பகை என்று எழுதுவது அநியாயம். எந்த இயந்திரம் எதைப் பிழிகிறது என்பதை அவர்கள் சரியாகவே பார்த்தார்கள்.

இன்று மேற்கு ஆப்பிரிக்கக் கிராமங்களிலும் சந்தை ஊர்களிலும் மோட்டார் பூட்டிய சிறு எக்ஸ்பெல்லர்கள் ஓடுகின்றன. கொட்டை உடைக்கவும் தனி இயந்திரம் வைத்திருக்கிறார்கள். இரண்டு கல்லுக்கு வேலை குறைந்துவிட்டது. கொட்டை மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, எண்ணெய் எடுப்பவர்களிடம் ஊர் ஊராகப் போய் வாங்கி, காயவைத்து, பருப்பாக்கி, ஆட்டுமிடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். நீராவித் தட்டுகளும் அவல் உருளைகளும் அங்கே கிடையாது. வெயிலும் சட்டியும்தான். அழுத்திக்காரர் மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி பருப்பை அள்ளி, நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார். காய்ந்திருந்தால் தொட்டியில் கொட்டச் சொல்கிறார். ஈரமாக இருந்தால் மூட்டையை அவிழ்த்து, பக்கத்துத் தரையில் இன்னொரு முறை வெயிலில் பரப்புகிறார்கள்.